சுற்றுலாவுக்கு பஸ் பிடிக்கும் முன் பார்க்க வேண்டிய கடதாசிகள்: மட்டக்களப்பிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

எங்கள் ஊர் அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளைச் சில ஆண்டுகளுக்கு முன் சீதாஎலிய சீதை அம்மன் கோயிலுக்கு அழைத்துச் சென்றபோது, பஸ்ஸின் கடதாசிகளை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியாது. அதனால் நேர்ந்தது இன்னொரு ஊரில் நேரக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். வாடகை பேசுவது, சாப்பாட்டு ஏற்பாடு, பெற்றோரின் சம்மதக் கடிதம் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். முற்பணம் கொடுப்பதற்கு முன் எந்தக் கடதாசியை எப்படி வாசிப்பது என்பதே இங்குள்ள விடயம்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வாகனத்தைப் பதிவது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்தை வழங்குவது பிரதேச செயலகம். மாகாணம் விட்டு மாகாணம் ஓடும் பயணிகள் பஸ்களுக்கு அனுமதி தருவது 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. மாகாணத்துக்குள் ஓடுபவை கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையின் கீழ் வருகின்றன. சாரதியின் உடல்நிலையைச் சான்றுப்படுத்துவது தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகம். இப்படி ஒவ்வொரு கடதாசியும் ஒவ்வோர் அலுவலகத்தைச் சேர்ந்ததாக இருப்பதால், அவை எல்லாம் ஒரே மேசையில் ஒன்றாக வைத்துப் பார்க்கப்படும் சந்தர்ப்பம் வாடகைக்குப் பிடிக்கும் நாம் கேட்டால் மட்டுமே வாய்க்கிறது.

படி 1: பதிவுச் சான்றிதழும் இலக்கத் தகடும்

பதிவுச் சான்றிதழில் வாகன வகுப்பு, ஆசன எண்ணிக்கை, உரிமையாளர் பெயர் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இலக்கத் தகட்டில் 'என்' (N) எழுத்தில் தொடங்கும் வரிசை பஸ்ஸுக்குரியது. 'பீ' (P) எழுத்தில் தொடங்குவது வேன் போன்ற இரட்டைப் பயன்பாட்டு வாகனத்துக்குரியது. சான்றிதழில் உள்ள ஆசனங்களை விட உள்ளே அதிக ஆசனங்கள் பூட்டப்பட்டிருந்தால், அந்த வாகனத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

படி 2: வருமான அனுமதிப்பத்திரம்

முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் இந்தப் பத்திரத்தில் முடிவுத் திகதி தெளிவாக இருக்கும். பயணம் முடிந்து திரும்பும் நாளையும் அது உள்ளடக்குகிறதா என்று பாருங்கள். பஸ் ஒன்றுக்கு இதைப் புதுப்பிக்கக் காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், வாகனத் தகுதிச் சான்றிதழ் ஆகியவை தேவை. ஆகவே அனுமதிப்பத்திரம் செல்லுபடியாக இருந்தால் மற்றவையும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

படி 3: காப்புறுதி, எதற்காகப் பெறப்பட்டது?

நான் தவறிய இடம் இதுதான். உரிமையாளர் அன்று, "கடதாசி எல்லாம் சரியா இருக்கு சேர், நீங்க யோசிக்காதீங்க" என்று சொல்லிக் காப்புறுதிச் சான்றிதழையும் காட்டினார். நான் திகதியை மட்டும் பார்த்துவிட்டுத் தலையசைத்தேன். லுணுகலையைத் தாண்டி ஒரு வளைவில் எதிரே வந்த லொறிக்கு இடம் விட்டபோது, பஸ் மண்மேட்டில் மோதி நின்றது. ஒரு மாணவனின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. இரண்டு பிள்ளைகளுக்கு நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசமாகக் கிடைத்தது என்றாலும், பின்னர் பல வாரங்கள் நீடித்த செலவுகளுக்காகக் காப்புறுதியை நாடியபோது அந்தக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அந்த பஸ் ஒரு நிறுவனத்தின் ஊழியர்களை ஏற்றி இறக்குவதற்கென்று தனிப்பட்ட பயன்பாட்டின் கீழ் காப்புறுதி செய்யப்பட்டிருந்தது. வாடகைக்கு ஆட்களை ஏற்றியது அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே போய்விட்டது. எலும்பு முறிந்த பிள்ளையின் தாய் கூலி வேலை செய்பவர். அந்தச் செலவை நாங்கள் ஊரில் சேர்த்த பணத்தால்தான் ஈடுசெய்தோம்.

சான்றிதழின் கீழ்ப்பகுதியில், பெரும்பாலும் சிறிய ஆங்கில எழுத்தில், வாகனத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற வரையறை இருக்கும். வாடகைக்குப் பயணிகளை ஏற்றலாம் என்று அதில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். வாசித்து விளங்காவிட்டால் வெட்கப்படாமல், சான்றிதழில் உள்ள நிறுவனத்தின் தொலைபேசி இலக்கத்துக்கே அழைத்து, வாகன இலக்கத்தையும் காப்புறுதி இலக்கத்தையும் சொல்லி, இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: வாடகைச் சுற்றுலாவுக்கு இது பொருந்துமா? உள்ளே இருக்கும் பயணிகளுக்கு விபத்துக் காப்பு உண்டா, உண்டென்றால் எத்தனை ஆசனங்களுக்கு? விடையைக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ பெற்றுக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் பின்னர் எதற்கும் உதவாது.

படி 4: வழித்தட அனுமதி

நாளாந்தம் ஒரு வழித்தடத்தில் ஓடும் தனியார் பஸ்ஸைப் பிடிப்பதாயின், அதன் அனுமதிப்பத்திரம் அந்த வழித்தடத்துக்கு மட்டுமே உரியது. விசேட பயணத்துக்கான தற்காலிக அனுமதியை உரிமையாளர் பெற்றாரா என்று கேட்டு, அதன் பிரதியை வாங்கி வைத்திருங்கள். வெளிநாட்டு விருந்தினரை அறுகம்குடாவுக்கோ பாசிக்குடாவுக்கோ அழைத்துச் செல்லும் வாகனமென்றால், 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் அந்தச் சேவை பதிவு பெற்றிருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

படி 5: சாரதி

சாரதி அனுமதிப்பத்திரத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். சாரதி உட்பட 33 பேர் வரை ஏற்றும் சிறிய பஸ்ஸுக்கு டீ 1 (D1) வகுப்பும், அதற்கு மேற்பட்டதற்கு டீ (D) வகுப்பும் வேண்டும். கனரக வகுப்புகளை 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையுடன் புதுப்பிக்க வேண்டும் என்பதால், அந்தத் திகதி கடந்திருக்கக் கூடாது. பேரம் பேசும்போது ஒரு சாரதியைக் காட்டிவிட்டு, அதிகாலையில் வேறொருவரை அனுப்புவது நம் பக்கத்தில் வழக்கமாக இருக்கிறது. ஆகவே புறப்படும்போது மீண்டும் பாருங்கள். இரவுப் பயணத்துக்கு இரண்டாவது சாரதி இல்லாமல் நான் சம்மதிப்பதில்லை.

படி 6: பஸ்ஸைச் சுற்றி ஒரு நடை

பகல் வெளிச்சத்தில் பஸ்ஸை நேரில் பாருங்கள். உரிமையாளர் வட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களை நான் நம்புவதில்லை. கைவிளக்கும் குறிப்புப் புத்தகமும் போதும், வேறு கருவி தேவையில்லை. டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும்: 3222 என்றிருந்தால் அது 2022ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. முன்சில்லுகளில் றப்பர் மீள ஒட்டிய டயர் இருந்தால் மலைப்பாதைக்கு அந்த பஸ் வேண்டாம். காற்று பிரேக் உள்ள பஸ்ஸில், காற்று நிரம்பிய பின் இயந்திரத்தை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி வைத்திருக்கும்படி சாரதியிடம் கேளுங்கள். அழுத்தமானியின் முள் தொடர்ந்து இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. அவசரக் கதவை நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு பஸ்ஸில் அதற்குக் குறுக்கே ஆசனம் பூட்டியிருந்ததைக் கண்டிருக்கிறேன்.

செங்கலடியில் தொடங்கி மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாக பதுளைக்கு ஏறும் ஏ 5 வீதிக்கு, 54 ஆசனப் பெரிய பஸ்ஸை விட ரோசா, கோஸ்டர் போன்ற சிறிய பஸ்கள் இரண்டையே நான் தெரிவு செய்வேன். செலவு கூடும்தான். ஆனால் 2021 மார்ச் 20 அன்று பசறைக்கும் லுணுகலைக்கும் இடையில் தனியார் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 14 பேருக்குக் குறையாமல் உயிரிழந்தது இதே வீதியில்தான். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பாடசாலைச் சுற்றுலா பஸ் வேனுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதியதில் 7 பேர் இறந்தனர். 2025 செப்டெம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில் நகரசபை ஊழியர்களின் சுற்றுலா பஸ் வீழ்ந்து 15 பேரை இழந்தோம். மலையில் ஏறும்போதை விட இறங்கும்போதே ஆபத்து அதிகம்: பிரேக்கை விடாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடியை இழக்கும். ஏறிய கியரிலேயே, எக்ஸோஸ்ட் பிரேக்கின் (புகைவழியை அடைத்து இயந்திரத்தாலேயே வேகத்தைக் குறைக்கும் பிரேக்) துணையுடன் இறங்குவீர்களா என்று சாரதியிடம் முன்கூட்டியே கேளுங்கள். அவர் இருட்டுவதற்கு முன் மலையை விட்டு இறங்கும்படி நேர அட்டவணையை அமைப்பது உங்கள் பொறுப்பு.

பின்னர் சேர்த்தவை

இதை வாசித்த கல்முனைச் சகோதரி ஒருவர், உரிமையாளரிடம் பதிவுச் சான்றிதழின் நிழற்பிரதி மட்டுமே இருப்பதாகவும், அது மோசடியா என்றும் கேட்டிருந்தார். லீசிங்கில் எடுத்த வாகனமாயின், மூலப்பிரதி நிதி நிறுவனத்திடம் இருப்பதே வழமை. பிரதியில் அந்த நிறுவனத்தின் பெயர் முழு உரித்தாளராகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி, 14 பேர் ஏறும் வேனுக்கு எந்தச் சாரதி அனுமதி வேண்டும் என்று கேட்டிருந்தார். பீ (B) வகுப்பு, சாரதியுடன் 9 ஆசனங்கள் வரைக்கும்தான். அதற்கு மேல் டீ 1 வேண்டும். இதை நான் முதலில் எழுதத் தவறிவிட்டேன்.

பார்த்த கடதாசிகளைப் படமெடுத்து, அந்தப் படங்கள் அனைத்தையும் பயணத்துக்கு வராமல் ஊரில் இருக்கும் பெற்றோர் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலும் அவரிடம் இருக்கட்டும். பஸ்ஸின் முன் ஆசனத்துக்கு எதிரே பெரிய எழுத்தில் மூன்று இலக்கங்களை எழுதி ஒட்டுங்கள்: பொலிஸ் 119, சுவசெரிய நோயாளர் காவுவண்டி 1990, பஸ் தொடர்பான முறைப்பாட்டுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு 1955.