மைக்கைக் கண்டால் நா வறள்கிறதா?

டர்பனில் எங்கள் கோயில் கூட்டத்தில் சமையலுக்கும் பந்தலுக்கும் ஆள் கிடைத்துவிடும். "நன்றியுரை யார்?" என்றதும் எல்லோரும் செருப்பைத் தேடுவார்கள். நானும் அப்படித் தேடியவன்தான்.

எனக்குக் கைகொடுத்தது டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்; மேடைப்பேச்சையும் தலைமை தாங்குவதையும் உறுப்பினர்கள் கூடிப் பழகும் இடம். 1924இல் கலிஃபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது; டர்பனிலும் கிளப்புகள் உண்டு. நான் போவதில் ஆங்கிலம்தான். ஆனால் மேடை நடுக்கத்துக்கு மொழி ஏது?

முதல் பேச்சு நம்மைப் பற்றியே, 4 முதல் 6 நிமிடம். 4இல் பச்சை விளக்கு, 5இல் மஞ்சள், 6இல் சிவப்பு. நாம் "ஆ... வந்து..." என்று இழுப்பதை எண்ணவே ஒருவர் இருப்பார். என் முதல் கணக்கைக் கேட்காதீர்கள்! இன்னொரு பகுதியில் தலைப்பை அங்கேயே கொடுத்து 2 நிமிடத்துக்குள் பேசச் சொல்வார்கள். கோயில் கமிட்டியில் திடீரென்று எழுப்பிவிடும்போது உதவுவது இந்தப் பயிற்சிதான்.

தலைமைப் பயிற்சியா? கூட்டத்தை நடத்துவது, அடுத்தவர் பேச்சை மதிப்பிடுவது எல்லாம் முறை வைத்து நம்மிடமே வரும். மனம் நோகாமல் குறை சொல்வதுதான் இதில் கஷ்டம். என்னைக் கேட்டால், பேச்சை விட அதில்தான் அதிகம் கற்றேன்.

சரி, எப்படித் தொடங்குவது? உடனே சந்தா கட்டாதீர்கள். விருந்தினராக இரண்டு மூன்று கிளப்புக்குப் போய்ப் பாருங்கள். சேர்ந்ததும் முதலில் நேரம் பார்க்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். நாலு வரி பேசினால் போதும், கையில் கடிகாரம் வேறு இருக்கும்.