டைனோவில் ஏற்றுமுன் கியர்க் காரை ஆயத்தப்படுத்தல்

டைனோ என்பது காரின் சில்லுகளை உருளைமேல் சுழலவிட்டு எஞ்சினின் வலுவை அளக்கும் இயந்திரம். முதலில் கிளட்ச். வெறுமையான நேர்வீதியில், நாலாம் கியரில், 2000 ஆர்பிஎம்மில் அக்சிலறேற்றரை முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் துள்ளினால் கிளட்ச் வழுக்குகிறது. பிளேற் மாற்றாமல் ஏற்றினால் எஞ்சினின் வலுவைக் குறைத்துத்தான் காட்டும், கருகல் மணமும் வரும்.

அடுத்தது ரயர். வன்னியின் கிறவல் வீதிகளில் ஓடிய காரென்றால் ரயர்ப் பள்ளங்களுக்குள் கல் இறுகியிருக்கும். உருளையில் வேகமாய்ச் சுழலும்போது அது கவண்கல் மாதிரிப் பறக்கும். ஸ்குறூட்றைவரால் ஒவ்வொன்றாய்க் கிண்டி எடுங்கள், சலிப்பான வேலைதான். பக்கச்சுவரில் 2319 என்றிருந்தால் அது 2019இன் 23ஆம் கிழமை செய்த ரயர். வெடிப்பு விட்டிருந்தால் ஏற்றவே வேண்டாம். இழுக்கும் சில்லு இரண்டிலும் காற்று ஒரே அளவாய் இருக்கட்டும், ரயர் ஆறியபின் பாருங்கள். நட்டுகளையும் இறுக்குங்கள்.

செம்மண் புழுதி எயார் பில்ரரையும் ரேடியேற்றர் இடுக்குகளையும் அடைத்திருக்கும். டைனோ விசிறி வீதிக் காற்றுக்கு ஈடாகாது. அடைப்போடு ஏற்றினால் எஞ்சின் கொதிக்கும். ஒயில், கூலன்ற் மட்டம் பாருங்கள். பெற்றோல் அரைத் தாங்கி போதும். 92 ஓடும் காருக்கு 92தான், அன்றைக்கு மட்டும் 95 அடித்து ஒப்பிட வேண்டாம்.

டைனோ ஓட்டத்துக்கு 1:1க்குக் கிட்டிய கியர் (எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்ற, கியர்ப்பெட்டியின் வெளித்தண்டும் ஏறக்குறைய ஒரு சுற்றுச் சுற்றும் கியர்), ஐந்து கியர்க் கார்களில் பெரும்பாலும் நாலாவது. முடிந்ததும் பிரேக்கை அமத்தாமல், கிளட்சை மிதித்து உருளையைத் தானாக ஓய விடுங்கள்.