வெளிநாடு கிளம்பும்போது திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்: முதலில் அந்த சர்நேம் கட்டம்

பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், ஏர்போர்ட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னால் போங்கள் என்கிற மாதிரி அறிவுரையெல்லாம் இதில் கிடையாது. அது எல்லாருக்கும் தெரியும். திருச்சியில் உட்கார்ந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் கோலாலம்பூருக்கும் டிக்கெட்டும் விசாவும் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. எங்கள் தலைமுறை முதன்முதலாக வெளிநாடு கிளம்பியபோது அடித்த அதே கூத்தை, கையில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் இந்தக் காலத்துப் பிள்ளைகளும் அச்சு மாறாமல் அடிக்கிறார்கள். அதில் ஒன்றைப் பார்த்தால் மட்டும் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

## சர்நேம் கட்டத்தைக் காலியாக விடுவது

நமக்கு இனிஷியல்தான் பழக்கம். முருகேசன் மகன் குமார் என்றால் எம். குமார், அவ்வளவுதான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அது செல்லாது. அங்கே கிவன் நேம் (உங்கள் பெயர்), சர்நேம் (குடும்பப் பெயர்) என்று இரண்டு கட்டம் இருக்கும், இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். பிரவுசிங் சென்டர் தம்பி "சர்நேம் என்னண்ணே?" என்பார், நம்ம ஆள் "அப்படியெல்லாம் எங்களுக்கு எதுவும் இல்லப்பா" என்பார், அவரும் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். இந்தியாவில் சர்நேம் கட்டாயம் இல்லை என்பதால் பாஸ்போர்ட்டும் ஒழுங்காக வீட்டுக்கு வந்துவிடும். வம்பு ஆரம்பிப்பது அதற்குப் பிறகுதான்.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை விசிட் விசாவிலும் டூரிஸ்ட் விசாவிலும் உள்ளே விடமாட்டோம் என்றது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் சிலருக்கு ஏற்கலாம் என்று அப்புறம் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். அந்த "சிலருக்கு" என்பதில் நாம் வருவோமா மாட்டோமா என்று கவுன்டரில் நின்று கண்டுபிடிப்பது நல்ல அனுபவம் இல்லை. அமெரிக்கா வேறு மாதிரி செய்யும். உங்கள் ஒற்றைப் பெயரைத் தூக்கி சர்நேமில் போட்டுவிட்டு, கிவன் நேமில் எஃப்என்யு என்று அடித்துவிடும். முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான குறி அது. அங்கே போய் டிரைவிங் லைசென்ஸ் எடுத்தாலும் அதே மூன்றெழுத்து கூடவே வரும். ஆபீஸில் "ஹலோ எஃப்என்யு" என்று கூப்பிடுகிறார்கள் என்று ஒரு பையன் போனில் அழாத குறையாகச் சொன்னான்.

இதில் நான் பார்த்ததிலேயே பரிதாபம் ஒரு அம்மா. மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா கிளம்பினார். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், சர்நேம் காலி. விசாவில் அந்தப் பெயர் சர்நேமாகி, முன்னால் எஃப்என்யு. டிக்கெட்டை அங்கிருந்து மாப்பிள்ளை ஏதோ மலிவு வெப்சைட்டில் போட்டிருக்கிறார். கடைசிப் பெயர் இல்லாமல் அது நகரவில்லை, அதனால் தன் மாமனார் பெயரைப் போட்டு நிரப்பிவிட்டார். செக்-இன் கவுன்டரில் பார்த்தால் பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், விசாவில் ஒரு பெயர், டிக்கெட்டில் ஒரு பெயர். விமான நிறுவனம் டிக்கெட் விற்ற இடத்தில் கேட்கச் சொன்னது, வெப்சைட் விமான நிறுவனத்தைக் கேட்கச் சொன்னது. பிரசவ லேகியமும் பருப்புப் பொடியும் நிறைந்த பெட்டியோடு அந்த அம்மா நடுராத்திரியில் திரும்பி வந்தார். பழைய டிக்கெட்டில் ஒரு ரூபாய் திரும்பவில்லை. புது டிக்கெட் ஒரு லட்சத்துக்கு மேல் ஆனது, அதுவும் நாலு நாள் கழித்துத்தான் கிடைத்தது. அவர் போய் இறங்குவதற்குள் பேரன் பிறந்துவிட்டான். எல்லாம் முடிந்த பிறகு மாப்பிள்ளை என்னிடம் கேட்டார், "ஒரு பேர்ல என்ன சார் இருக்கு?" நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும்.

சரி, என்ன செய்வது? புதிதாக எடுப்பவர்கள் கிவன் நேமில் உங்கள் பெயரையும் சர்நேமில் அப்பா பெயரையும் போடுங்கள். ஆதாரிலும் அதே பெயர், அதே எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆதாரில் "முருகேசன் குமார்", பாஸ்போர்ட்டில் "குமார் முருகேசன்" என்று இருந்தால் அதற்கும் ஒருநாள் விளக்கம் சொல்ல வேண்டி வரும். ஏற்கெனவே காலியாக விட்டவர்கள் ரீ-இஷ்யூவில் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்னால். செல்லுபடியாகும் விசா ஏற்கெனவே கையில் இருந்தால் அந்தப் பயணம் முடியும்வரை பெயரில் கை வைக்காதீர்கள். அதுவரை டிக்கெட் போட வேண்டியிருந்தால் விமான நிறுவனத்திடமே கேளுங்கள். ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடு என்பார்கள் சிலர், எல்என்யு (கடைசிப் பெயர் தெரியவில்லை என்பதற்கான குறி) என்று போடு என்பார்கள் சிலர். நாமாக எதையாவது போட்டு நிரப்புவது மட்டும் வேண்டாம்.

இன்னொன்று. நம் முறைப்படி போட்டால் தாத்தா பெயர் அப்பாவுக்கு சர்நேம், அப்பா பெயர் பிள்ளைக்கு சர்நேம். ஒரே குடும்பத்தில் யாருக்கும் யாருக்கும் பொருந்தாது. குழந்தையோடு போகிறவர்கள் பிறப்புச் சான்றிதழைக் கையிலேயே வைத்திருங்கள். கல்யாணம் ஆனதும் கணவர் பெயரைப் பாஸ்போர்ட்டில் சேர்த்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மாமியார் வேண்டுமானால் சொல்லலாம்.

## ஆறு மாதக் கணக்கு

பாஸ்போர்ட் காலாவதி ஆகவில்லை என்பது போதாது. சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் எல்லாம் குறைந்தது ஆறு மாதம் மீதி கேட்கும். ஒரே விசாவில் சுற்றும் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில், அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டின் ஆயுள் பெரியவர்களுக்குப் பத்து வருடம், குழந்தைகளுக்கு ஐந்து வருடம்தான். குடும்பமாகப் போகும்போது கவிழ்ப்பது எப்போதும் அந்தச் சின்ன பாஸ்போர்ட்தான்.

## பேங்க்கில் திடீர்ப் பணம்

விசாவுக்குக் காட்டும் பேங்க் கணக்கில் முந்தின வாரம் மச்சானிடம் ஐந்து லட்சம் வாங்கிப் போட்டால் அதிகாரிக்குத் தெரியாதா? தெரியும்.

## இலவச அட்டைக்குப் பணம் கட்டுவது

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றும் இப்போது ஆன்லைன் வருகை அட்டை கேட்கின்றன. இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், மூன்றும் இலவசம். கூகுளில் தேடினால் மேலே வந்து நிற்கும் போலி வெப்சைட்டுகள் இதற்குக் காசு கேட்கும். அரசாங்க முகவரிதானா என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

## கசகசா

வளைகுடாவுக்கு எடுத்துப் போகாதீர்கள், அங்கே அதற்குத் தடை. அம்மா அரைத்துக் கொடுத்த குருமா மசாலாவிலும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

## மாத்திரை

டிரமடால், கோடீன் கலந்த வலி மாத்திரையும் இருமல் மருந்தும் அமீரகத்தில் கட்டுப்பாட்டில் உள்ளவை. முன் அனுமதி வேண்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் வேண்டாம். கென்யா, உகாண்டா பக்கம் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி. போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதனால் கடைசி வாரத்தில் அந்த ஊசி போடும் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஓடிப் பயனில்லை. சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் நம் ஊரிலேயே ஆறு நாள் வரை தனியாக உட்கார வைத்துவிடுவார்கள்.

## "விசிட் விசாவில் போய் அங்கே மாத்திக்கலாம்"

விசிட் விசாவை அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் ஏஜென்டிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் பெரும்பாலும் ஈசிஆர் (குடியேற்றச் சோதனை தேவை என்ற குறியுள்ள) பாஸ்போர்ட்டில் இருப்பார்கள். வளைகுடா, மலேசியா போன்ற நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக இ-மைக்ரேட் என்ற அரசாங்கத் தளம் வழியாகக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் உண்டு, விபத்தில் இறந்தால் 10 லட்சம். இதையெல்லாம் தாண்டிக் குதிக்கத்தான் விசிட் விசா. சம்பளம் வரவில்லை என்றாலும் அடிபட்டாலும், நீங்கள் அங்கே வேலை செய்ததற்கே காகிதம் இருக்காது. 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று கிளம்பியவர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். தமிழ்நாட்டுப் பையன்களும் அதில் மாட்டினார்கள். பதிவு பெற்ற ஏஜென்டா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.

## எல்லாவற்றையும் போனுக்குள் வைப்பது

போன் தொலைந்தால் பாஸ்போர்ட் நகலும் தூதரக நம்பரும் சேர்ந்தே தொலையும். ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் ஒன்று, வீட்டில் ஒன்று வையுங்கள். பாஸ்போர்ட்டே தொலைந்தால் அங்கே போலீஸ் புகார் கொடுத்து, தூதரகத்தில் எமர்ஜென்சி சர்டிபிகேட்டோ புது பாஸ்போர்ட்டோ வாங்கித்தான் ஊர் திரும்ப முடியும். கையில் நகல் இருந்தால் அந்த வேலை சீக்கிரம் நடக்கும். பயணக் காப்பீட்டு நம்பரும் அதே தாளில் இருக்கட்டும். பல பாலிசிகளில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த உடனே அவர்களுக்குச் சொல்ல வேண்டும், பில் கட்டிய பிறகு இல்லை.

அப்புறம் கார்டு. 2020 அக்டோபருக்குப் பிறகு கொடுக்கும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வரும், நாம்தான் ஆப்பில் ஆன் செய்ய வேண்டும். அதை ஊரிலேயே செய்துவிட்டு, சிம்முக்கு ரோமிங்கும் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். அங்கே இறங்கி ஆன் செய்யப் போனால் ஓடிபி கேட்கும், ரோமிங் இல்லாத சிம்முக்கு ஓடிபி வராது.