டவர் பக்கத்தில் என்னென்ன அலைவரிசை ஓடுகிறது? கண்டுபிடிக்கும் செய்முறை

லேப்டாப்பில் ரேடியோ டாங்கிளைச் செருகினால் சுற்றியுள்ள அலைவரிசைகள் திரையில் வரைபடமாகத் தெரியும். அதில் எழும்புகிற கூம்பெல்லாம் நிஜ சிக்னல் என்று நம்பிவிடுவதுதான் புதியவர்கள் பண்ணும் முதல் தப்பு. டவருக்குக் கிட்டப் போகப் போகப் பொய்க் கூம்புகள் எச்சாகும். அதனால் பிடிப்பதைவிடச் சோதிப்பதுதான் இங்கே பெரிய வேலை.

சாமான்கள்

ஆர்820டி2 டியூனர் உள்ள ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். டாங்கிள் (யூ.எஸ்.பி.யில் செருகும் சிறு ரேடியோ ரிசீவர்) ஒன்று, 2 மீட்டர் யூ.எஸ்.பி. நீட்டிப்பு ஒயர், இழுத்து நீட்டும் ஆன்டெனா, 20 டெசிபல் அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு), ஒரு லேப்டாப். டாங்கிளில் டி.சி.எக்ஸ்.ஓ. (சூடு மாறினாலும் அதிகம் விலகாத கடிகாரம்) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்க. அது இல்லாத டாங்கிள் 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) விலகினாலே 940 மெகாஹெர்ட்ஸில் 47 கிலோஹெர்ட்ஸ் தள்ளிக் காட்டும்.

படி 1: டிரைவர்

விண்டோஸ் என்றால் 'ஸாடிக்' மென்பொருளில் 'பல்க்-இன், இன்டர்ஃபேஸ் 0' என்பதைத் தேர்ந்து வின்யூ.எஸ்.பி. டிரைவரைப் போடுங்க. அவசரத்தில் வேறு வரியைத் தொட்டால் கீபோர்டோ மவுஸோ கம்முனு நின்றுவிடும். பிறகு எஸ்.டி.ஆர். பிளஸ் பிளஸ் மென்பொருளைத் திறந்து, சாம்பிள் ரேட் (ஒரே நேரத்தில் திரையில் தெரியும் அகலம்) 2.4 மெகாஹெர்ட்ஸ் வையுங்க.

படி 2: ஆன்டெனா நீளம்

7500-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலை நீளம் சென்டிமீட்டரில் கிடைக்கும். எஃப்.எம்.முக்கு 75, செல்போன் டவரின் 940-க்கு 8.

படி 3: கெயின்

தானியங்கி கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவு) அணைத்துவிட்டு 0-வில் ஆரம்பிங்க. ஒவ்வொரு படியாக ஏற்றுங்க. அடியில் ஓடும் இரைச்சல் கோடு லேசாக எழும்புகிற இடத்தில் நிறுத்திடுங்க.

படி 4: பொய்யைப் பிரிப்பது

கோவை எஃப்.எம். நிலையங்களில் ரேடியோ சிட்டி 91.1, சூரியன் 93.5, மிர்ச்சி 98.3. கெயின் எச்சானால் டாங்கிளுக்குள்ளேயே இவை ஒன்றோடொன்று கலக்கும். கணக்கு எளிது: ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழிக்கணும். 93.5-ஐ இரட்டித்து 91.1-ஐக் கழித்தால் 95.9. அங்கே ஒரு கூம்பு எழுந்து, இரண்டு நிலையத்துச் சத்தமும் கொரகொரவென்று கலந்து கேட்டால் அது நிலையமே அல்ல. 98.3-ஐ இரட்டித்து 93.5-ஐக் கழித்தால் 103.1 வரும், 103.0-வில் உள்ள ரெயின்போ எஃப்.எம்.மைக் கெடுக்க இது போதும்.

சந்தேகம் வந்தால் 20 டெசிபல் அட்டென்யுவேட்டரை மாட்டுங்க. நிஜ சிக்னல் 20 டெசிபல் இறங்கும். கலப்புப் பேய் 60 டெசிபல் இறங்கும், அதாவது திரையிலேயே இருக்காது.

ஆன்டெனாவைக் கழற்றிய பிறகும் நிற்கிற கூம்பு டாங்கிளின் சொந்தச் சரக்கு. உள்ளே ஓடும் கடிகாரம் 28.8 மெகாஹெர்ட்ஸ், அதன் ஐந்தாம் மடங்கு சரியாக 144.0. ஹாம் (பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்கள்) அலைவரிசையின் வாசலிலேயே அது உட்கார்ந்திருப்பதால் ஏமாறாதவர்கள் குறைவு.

படி 5: செல்போன் டவர்

வேலிக்குள் போக வேண்டாம், ஏறவே வேண்டாம். பலகை ஆன்டெனாக்கள் வெளிப்பக்கம் பார்த்து வீசுவதால் டவர் அடியைவிட 100, 200 மீட்டர் தள்ளி நின்றால் நன்றாகக் கிடைக்கும்.

935 முதல் 960 வரை மெல்ல நகர்த்துங்க. 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் ஆடாமல் நிற்கும் மேடு 2ஜி. 4ஜி அப்படித் தெரியாது. 10 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ளதை 2.4 மெகாஹெர்ட்ஸ் ஜன்னலில் பார்த்தால் இரைச்சல் கோடே மொத்தமாக உயர்ந்த மாதிரி இருக்கும். அதன் இரண்டு ஓரங்களைத் தேடி நடுவைக் கணக்கிடுங்க.

1800 பேண்டைத் தேடி நேரம் போக்காதீங்க. அதில் டவர் வீசுவது 1805-க்கு மேல். இந்த டாங்கிள் 1766-லேயே நின்றுவிடும். அதற்குப் போன் போதும். நெட்மான்ஸ்டர் செயலி காட்டும் இ.ஏ.ஆர்.எஃப்.சி.என். (4ஜி அலைவரிசையைக் குறிக்கும் எண்) 1300 என்றால் 1200-ஐக் கழித்து, பத்தில் ஒரு பங்கை 1805-உடன் கூட்டுங்க: 1815 மெகாஹெர்ட்ஸ். (1200 முதல் 1949 வரையிலான எண்ணுக்கு மட்டும் இந்தக் கணக்கு.)

நம்ம ஊர் இரைச்சல்

திருப்பூரில் பனியன் கம்பெனி தையல் மெஷின்களின் சர்வோ மோட்டாரும், தோட்டத்தில் மலிவு எல்.இ.டி. பல்பும் இரைச்சலைக் கிளப்பும். கரண்ட் நின்ற நேரத்தில் லேப்டாப் பேட்டரியில் ஒருதடவை பார்த்தால் எது எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிடும். லேப்டாப் இரைச்சலிலிருந்து டாங்கிளைத் தள்ளி வைக்கத்தான் அந்த 2 மீட்டர் ஒயர்.

அலைவரிசை, அகலம் இரண்டோடு நிறுத்திக்கணும். அடுத்தவர் பேச்சை அனுமதியில்லாமல் இடைமறிப்பது 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றம்.

குறிப்பு எழுதும்போது இடம், நேரம், அலைவரிசை, அகலத்தோடு கெயினையும் அட்டென்யுவேட்டர் மாட்டியிருந்ததா என்பதையும் எழுதுங்க. இல்லையென்றால் மருதமலை அடிவாரத்தில் எடுத்ததையும் சென்னிமலையில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது.