சிம் இல்லாத பழைய போனிலும் பாடம் பார்க்கலாம்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பல வீடுகளில் இணையம் உள்ள போன் ஒன்றுதான். அதுவும் அப்பாவோடு கடலுக்குப் போய்விடுகிறது. பிள்ளையின் வீட்டுப்பாடம் கரையில் காத்திருக்கிறது.

பெட்டியில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போனை எடுத்து மின்னேற்றுங்கள். அப்பா புறப்படுவதற்கு முந்தைய இரவே அவர் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, அதில் பள்ளிப் பாடங்களுக்கான அரசின் திக்‌ஷா செயலியை நிறுவுங்கள். தமிழ்நாடு பாடத்திட்டம், பயிற்றுமொழி, வகுப்பு ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தபின், பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, அந்த வாரத்துக்கான காணொளிகளைப் பதிவிறக்கி வையுங்கள். பிறகு இணையமே தேவையில்லை.

உப்புக்காற்றில் நமுத்த புத்தகத்தில் அந்தக் கறுப்புச் சதுரம் மங்கிப்போயிருக்கும், கேமரா திணறும். கவலை வேண்டாம். சதுரத்தை ஒட்டி அச்சிட்டிருக்கும் 6 இலக்க ஆங்கில எழுத்து, எண் கலந்த குறியீட்டைச் செயலியின் தேடல் கட்டத்தில் தட்டினால் அதே பாடம் வந்துவிடும். இது பல பெற்றோருக்குத் தெரிவதே இல்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாட்ஸ்அப் குழுவில் பாட இணைப்பைக் காலையில் அனுப்பாதீர்கள். முந்தைய நாள் மாலையே அனுப்புங்கள். அப்போதுதான் போன் வீட்டில் இருக்கும்.