இரண்டு சமன்பாடுகள், ஒரே தீர்வு: எங்கே தவறுகிறோம்?

நீக்கல் முறை, பிரதியிடல் முறை, வரைபட முறை. ஒருங்கமை நேரியல் சமன்பாடுகள் (ஒரே மாறிகளைக் கொண்ட, சேர்த்துத் தீர்க்க வேண்டிய சமன்பாடுகள்) என்றதும் மாணவர்கள் மூன்றையும் மளமளவென்று சொல்லிவிடுவார்கள். முறை தெரிந்திருந்தும் விடை தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். கிடைக்கும் விடை எல்லாச் சமன்பாடுகளையும் ஒரே நேரத்தில் நிறைவு செய்ய வேண்டும் என்பது கணக்கின் நடுவே மறந்துபோகிறது. (மாறிகள் என்பவை நாம் கண்டுபிடிக்க வேண்டிய எண்கள். பாடப்புத்தகத்தின் எக்ஸ், ஒய் இங்கே க, ச ஆகின்றன.)

முதலில் நீக்கல் முறை. ஒரு மாறியை நீக்க ஒரு சமன்பாட்டிலிருந்து மற்றதைக் கழிப்பதைப் பார்ப்போம், அதிகம் சறுக்குவது அங்கேதான்.

3க + 2ச = 12
3க − 5ச = −9

மேலிருந்து கீழுள்ளதைக் கழித்தால் 7ச = 21. எனவே ச = 3, க = 2. ஆனால் பலரும் கழிக்கும்போது 3க-வின் குறியை மட்டும் மாற்றிவிட்டு, மற்ற இரண்டையும் அப்படியே கூட்டிவிடுகிறார்கள். அப்போது −3ச = 3 என்று வந்து, ச = −1, க = 14/3 ஆகிறது. இந்தத் தவறான விடையை முதல் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: 14 − 2 = 12. சரியாக வருகிறது! வராமல் எப்படி இருக்கும், க-வைக் கண்டுபிடித்ததே அந்தச் சமன்பாட்டை வைத்துத்தானே. இரண்டாவதில் போட்டால் 14 + 5 = 19, அங்கே இருப்பதோ −9. ஆகவே, இரண்டாவது மாறியைக் கண்டுபிடிக்க எந்தச் சமன்பாட்டைப் பயன்படுத்தினீர்களோ, அதில் சரிபார்ப்பது சரிபார்ப்பே இல்லை. மற்றதில் போட்டுப் பார்க்க வேண்டும்.

கழித்தல் தடுமாறினால் கீழுள்ள சமன்பாடு முழுவதையும் −1-ஆல் பெருக்கி எழுதிவிட்டு, அப்புறம் கூட்டுங்கள். ஒரு வரி கூடினாலும் பரவாயில்லை. குறிகளின் சிக்கல் இன்று நேற்று வந்ததல்ல. சீனாவின் பழங்கணித நூலான 'ஒன்பது அத்தியாயங்கள்' சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே தன் 8-ஆவது அத்தியாயத்தில் நீக்கல் முறையைச் சொல்கிறது. எதிர்ம எண்களைக் கூட்டவும் கழிக்கவும் விதி தந்திருப்பதும் அதே அத்தியாயத்தில்தான்.

பெருக்கும்போது இன்னொரு தவறு நடக்கிறது. க + 2ச = 7 என்பதை 3-ஆல் பெருக்கி 3க + 6ச = 7 என்று எழுதுவது. வலப்பக்கத்து 7 விடுபட்டுவிட்டது. வரைபடத்தில் 3க + 6ச = 21 என்பது அதே நேர்கோடு. 3க + 6ச = 7 என்பதோ அதற்கு இணையான வேறொரு கோடு. அதற்குமேல் நீங்கள் தீர்ப்பது கேட்காத கணக்கை.

ஒரு மாறியைப் பிரித்தெடுத்து மற்ற சமன்பாட்டில் போடும் பிரதியிடலில் அடைப்புக்குறிதான் எல்லாம். ச = 2க − 5 என்பதை 4க − 3ச = 9-இல் போடும்போது 4க − 3(2க − 5) = 9 என்று முழுதாக எழுதுங்கள். −3-ஐயும் −5-ஐயும் பெருக்கினால் +15. க = 3, ச = 1 வரும். ச-வை எந்தச் சமன்பாட்டிலிருந்து பிரித்தெடுத்தீர்களோ, அதிலேயே திரும்பப் போட்டால் 0 = 0 என்றுதான் வரும். அதைப் பார்த்து 'எண்ணற்ற தீர்வுகள்' என்று எழுதிவிடாதீர்கள்.

உண்மையிலேயே 0 = 0 வருவது வேறு. 2க + 3ச = 6, 4க + 6ச = 12 இரண்டும் ஒரே கோடு, அதனால் எண்ணற்ற தீர்வுகள். அதற்காக எந்த எண்ணையும் போடலாம் என்று பொருளில்லை. (க, ச) என்ற வரிசையில் (3, 0), (0, 2) தீர்வுகள். (1, 1) தீர்வல்ல, 2 + 3 = 5 தானே. இரண்டாவதன் வலப்பக்கம் 15 ஆக இருந்தால் 0 = 3 என்று முடியும், அதாவது தீர்வே இல்லை. இந்த இரண்டு நிலையிலும் 'க = 0, ச = 0' என்று எழுதுவது தவறு. வரைபடத்தாளுக்குள் கோடுகள் சந்திக்காததை வைத்து மட்டும் இணைகோடுகள் என்று முடிவு கட்டவும் கூடாது. தாளுக்கு வெளியே சந்திக்கலாம், கெழுக்களின் (மாறிகளுக்கு முன்னால் உள்ள எண்களின்) விகிதத்தைப் பாருங்கள்.

மூன்று மாறிகள் வந்தால், முதல் இரண்டு சமன்பாடுகளில் ஒரு மாறியையும் அடுத்த இரண்டில் வேறொரு மாறியையும் நீக்குகிறார்கள். கையில் மிஞ்சுவது இரண்டு சமன்பாடுகள், ஆனால் மூன்று மாறிகளும் அப்படியே இருக்கும். எந்த ஜோடியை எடுத்தாலும் நீக்குவது ஒரே மாறியாக இருக்கட்டும்.

கடைசியாக வாக்கியக் கணக்குகள். 'ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஆறு மாணவர்கள், மொத்தம் 140 பேர்.' மாணவர் எண்ணிக்கை க, ஆசிரியர் எண்ணிக்கை ச. 'ஆறு மாணவர்கள்' என்பதை 6க ஆக்கி, 6க = ச என்று எழுதுபவர்கள் நிறைய. க என்பது மாணவரைக் குறிக்கும் சுருக்கெழுத்தல்ல, எண்ணிக்கை. சரியானது க = 6ச. தவறானதை க + ச = 140 உடன் சேர்த்துத் தீர்த்தால் க = 20, ச = 120 வரும். எழுதிய இரண்டு சமன்பாடுகளிலும் போட்டுப் பாருங்கள், இரண்டும் பொருந்தும். கேள்வியின் வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால்தான் 20 மாணவர்களுக்கு 120 ஆசிரியர்கள் என்பது தெரியும்.