சேல்ஸ் டாஷ்போர்டுக்கு டேட்டாபேஸ் போடும்போது

சேல்ஸ் டாஷ்போர்டு செய்யச் சொன்னால் பலரும் முதலில் சார்ட்டைத்தான் யோசிக்கிறார்கள். மாசக் கடைசியில் இன்சென்டிவ் சண்டை வருவதோ டேபிளும் க்வெரியும் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) போட்ட விதத்தால். கீழே உள்ளவை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு; மைஎஸ்க்யூஎல்லுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஊழியர், லீட் (வாங்க வாய்ப்புள்ள வாடிக்கையாளர்), விற்பனை, மாத டார்கெட் என நான்கு டேபிள் எல்லோரும் போடுவார்கள். விட்டுப்போவது ஐந்தாவது: லீடின் நிலை மாறிய வரலாறு. நிலையை லீட் டேபிளிலேயே பழையதை அழித்து அழித்து எழுதிவிட்டால், "டெமோ முடிந்து ஆர்டர் வர எத்தனை நாள் ஆகிறது?" என்று மேனேஜர் கேட்கும்போது கையை விரிக்க வேண்டியதுதான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு புது வரி: எந்த லீட், பழைய நிலை, புது நிலை, நேரம், மாற்றியவர்.

ஏரியாவை விற்பனை வரியிலேயே எழுதி வையுங்கள். மதுரையில் இருந்தவர் ஜூனில் கோவைக்கு மாறினால், ஊழியர் டேபிளிலிருந்து ஏரியாவை எடுக்கும் ரிப்போர்ட்டில் அவருடைய ஏப்ரல், மே விற்பனையும் கோவைக்குப் போய்விடும். தொகைக்கு ஃப்ளோட் (தோராயமாகச் சேமிக்கும் தசம எண்) வேண்டாம். நியூமெரிக் (துல்லியமான தசம எண்), இல்லையென்றால் பைசாவில் முழு எண்.

தேதியில் இரண்டு குழி. சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம், நம்மைவிட ஐந்தரை மணி பின்னால்) இருந்தால், மே 1 அதிகாலை 2 மணி ஆர்டர் அங்கே ஏப்ரல் 30 இரவு 8.30. மாதம் பிரிக்கும் முன் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். அடுத்தது 'பிட்வீன்'. ஏப்ரல் 1 முதல் 30 வரை என்று நேரமுள்ள ஃபீல்டில் கேட்டால், 30-ம் தேதி நள்ளிரவு பிறந்ததோடு நின்றுவிடும். டார்கெட்டுக்காக எல்லோரும் ஓடுகிற அந்தக் கடைசி நாள் முழுக்கக் காணாமல் போகும். 'ஏப்ரல் 1 முதல், மே 1-க்கு முன்' என்று எழுதுங்கள்.

அதிகம் பேர் விழுவது ஜாயினில், அதாவது டேபிள்களை இணைப்பதில். ரூ.10,000 விற்பனை ஒன்று, அதற்கு 3 ஃபாலோ-அப் கால். இரண்டு டேபிளையும் ஜாயின் செய்து 'சம்' போட்டால் ரூ.30,000 வரும். 'டிஸ்டிங்க்ட்' போட்டுச் சமாளிக்காதீர்கள். ஒரே தொகைக்கு நடந்த இரண்டு தனி விற்பனை ஒன்றாகிவிடும். விற்பனையைத் தனியாக, ஃபாலோ-அப் காலைத் தனியாக ஊழியர்வாரியாகக் கூட்டி, அதன்பிறகு ஜாயின் செய்யுங்கள்.

அப்போதும் ஊழியர் டேபிளில் தொடங்கி லெஃப்ட் ஜாயின் (எதிர்ப்பக்கம் வரி இல்லாதவரையும் விடாத இணைப்பு). தேதி நிபந்தனை, கூட்டும் உள் க்வெரியிலேயே இருக்கட்டும்; கூட்டாமல் நேரடியாக ஜாயின் செய்தால் 'ஆன்' (இணைக்கும் நிபந்தனை) பகுதியில். ஜாயினுக்குப் பிறகு வடிகட்டும் 'வேர்' பகுதிக்குப் போனால் ஒன்றும் விற்காதவர் பட்டியலிலேயே வரமாட்டார். அவராக வந்து புகார் சொல்லவும் மாட்டார்.

கன்வர்ஷன் (லீடில் எத்தனை சதவீதம் ஆர்டரானது): 20 லீடில் 7 ஆர்டர் என்றால் 35%. முழு எண்ணாகவே வகுத்தால் போஸ்ட்கிரெஸ் 0 தரும், 100.0-ஆல் பெருக்கிவிட்டு வகுங்கள். லீடே வராதவருக்குப் பிழை வராமலிருக்க வகுக்கும் எண்ணில் 'நல்இஃப்' (0 வந்தால் அதை வெற்று மதிப்பாக்கும்). ஏப்ரலில் வந்த லீடில் எத்தனை ஆர்டராயின என்றே கணக்கிடுங்கள். ஏப்ரல் ஆர்டரை ஏப்ரல் லீடால் வகுத்தால், பழைய லீடெல்லாம் சேர்ந்து 100%-ஐத் தாண்டினாலும் தாண்டும்.

வேகத்துக்கு, ஊழியர் எண்ணும் விற்பனை நேரமும் சேர்ந்த ஒரு இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை). ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டும் ஃபீல்டு) போட்டாலும் போஸ்ட்கிரெஸ் தானாக இண்டெக்ஸ் போடாது. அப்படியும் பக்கம் திணறினால் மெட்டீரியலைஸ்டு வியூ (க்வெரியின் விடையைச் சேமித்து வைப்பது) வைத்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். படிப்பவர்களை நிறுத்தாமல் புதுப்பிக்க 'கன்கரன்ட்லி' வேண்டும். அதற்கு வியூவில் யுனீக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இரண்டு முறை வராத இண்டெக்ஸ்) இருக்க வேண்டும்.